பச்சோந்திக்கு உணவுக் கிண்ணத்தைப் பழக்குதல்

மனிதனால் வளர்க்கப்படும் பிராணிகளுள் பெரும்பாலானவை தமக்கு உணவு வைக்கப்படும் கலத்தை விரைவில் அறிந்துகொள்கின்றன. நாய் தன் தட்டை அறியும். கோழி தீனித் தொட்டியை நாடி ஓடிவரும். தொட்டியில் வாழும் மீன்கூட உணவு தூவும் கையைக் கண்டதும் நீரின் மேற்பரப்புக்கு வரும். பச்சோந்தியின் இயல்பு வேறு. நான்கு விரற்கடை தொலைவில் கிண்ணம் நிறையப் பூச்சிகள் இருந்தாலும், அவற்றை உணவென்று அறியாமல் பல நாள் பட்டினி கிடந்து மெலியும் பச்சோந்திகள் உண்டு. இதனைப் பிடிவாதம் என்று கருதுவது தவறாகும். இப்பிராணியின் கண்ணும் நாவும் அமைந்துள்ள விதத்தை ஆராய்ந்தால் இதன் காரணம் விளங்கும். காரணம் விளங்கினால் பழக்கும் வழியும் புலப்படும்.

வளர்க்கப்படும் இனங்கள்

உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்பவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளிலும் விலங்குக்காட்சிச் சாலைகளிலும் மிகுதியாக வளர்க்கப்படுபவை இரண்டு இனங்கள். ஒன்று, யேமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் முக்காட்டுப் பச்சோந்தி (கமேலியோ கலிப்ட்ரேட்டஸ்). தலையின்மேல் உயர்ந்து நிற்கும் கொண்டையைக் கொண்டு இதனை எளிதில் அடையாளம் காணலாம். மற்றொன்று, மடகாஸ்கரைச் சேர்ந்த சிறுத்தைப் பச்சோந்தி (பர்சிஃபர் பார்டாலிஸ்). இக்கட்டுரையில் கூறப்படும் பழக்கும் முறை இவ்விரு இனங்களையும் வளர்ப்போர் நெடுங்காலம் கையாண்டு கண்ட அனுபவத்தை ஒட்டியது.

இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே. அது கமேலியோ ஜெய்லானிகஸ் எனப்படும் இந்தியப் பச்சோந்தி. தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் அது காணப்படுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும். சர்வதேச வாணிப உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவுசெய்துகொள்ள வேண்டுமென 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும், அதனையொட்டி 2024-இல் வெளியான விதிகளும் கூறுகின்றன. மேற்கூறிய இரு இனங்களும் அப்பட்டியலில் அடங்கியவை.

கண்ணும் நாவும்

பச்சோந்தியின் இரு கண்களும் கோபுரம்போல் புடைத்து, ஒன்றையொன்று சாராமல் வெவ்வேறு திசைகளில் சுழலவல்லவை. ஒரு கண் முன்னே நோக்கும்போது மற்றொன்று பின்னே நோக்கும். ஓரிடத்தில் ஏதேனும் அசைந்தால் கண் அங்கே நிலைக்கும், தலை திரும்பும், பின்னர் இரு கண்களும் இரையின்மீது ஒருங்கே குவியும். இவ்வரிசையைத் தொடங்கிவைப்பது அசைவே. அசையாமல் கிடக்கும் பூச்சியை, அது எவ்வளவு அருகில் இருப்பினும், பச்சோந்தி பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

இரையைக் கண்டபின் அதன் தொலைவை அளந்தறிய வேண்டும். தொலைவுக்கேற்பக் கண்ணின் குவியத்தை மாற்றுவதன்மூலமே பச்சோந்தி இதனை அறிகிறது என்பதை லிண்ட்சே ஹார்க்னஸ் என்பவர் 1977-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினார். பச்சோந்தியின் கண்முன் லென்ஸுகளைப் பொருத்தி இரையைக் காட்டியபோது, நாவு இரையை எட்டும் அளவு தவறியது. பச்சோந்தியின் கண்ணிலுள்ள லென்ஸு ஒளியைக் குவிப்பதற்கு மாறாக விரிக்கும் தன்மையுடையது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஒட், ஷேஃபெல் என்ற இருவர் 1995-இல் கண்டறிந்தனர். இதனால் கண்ணில் விழும் பிம்பம் பெரிதாகிறது. தொலைவை நுட்பமாக அளத்தலும் எளிதாகிறது. தெளிவாகக் கண்ணில் குவியாத பொருளை நோக்கிப் பச்சோந்தி நாவை எய்வதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும்.

நாவின் அமைப்பும் வியப்புக்குரியது. நாவின் நடுவே ஓர் எலும்புக்கோல் உள்ளது. அதனைச் சூழ்ந்த தசை சுருங்கும்போது, தசைக்கும் கோலுக்கும் இடையேயுள்ள நார்த்தன்மையுள்ள உறைகள் வில்லின் நாண்போல் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. பின்னர் அவ்வாற்றல் ஒருங்கே விடுபட, நாவு அம்புபோல் பாய்கிறது. நெதர்லாந்தின் டே க்ரூட், வான் லேவன் ஆகியோர் 2004-இல் இதனை விளக்கினர். வாலை நீக்கிய உடலின் நீளத்தைப்போல் இருமடங்கு வரை நாவு நீளக்கூடும். வினாடியில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் அது இரையை எட்டிவிடுகிறது. நாவின் நுனியிலுள்ள பசை மனிதனின் உமிழ்நீரைவிட ஏறத்தாழ 400 மடங்கு பிசுபிசுப்புடையது என்பதைப் பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் அளந்து கூறினர்.

இவற்றால் விளங்குவது யாதெனில், பச்சோந்தி உணவைத் தேடிச் செல்வதைவிட, தனக்குப் பழக்கமான கிளையில் அமர்ந்து, கண்முன் அசையும் பொருளை எய்து பிடிப்பதற்கே அமைந்த பிராணி. எனவே அதற்குக் கிண்ணத்தைப் பழக்குவதென்பது, ‘இந்த இடத்தை நோக்கினால் இங்கே இரை அசையும்’ என்பதைப் பழக்குவதேயாகும். இவ்வொன்றை மனத்திற்கொண்டால் பின்வரும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

கிண்ணத்தால் விளையும் நன்மைகள்

பூச்சிகளைக் கூண்டினுள் தாராளமாக விட்டுவிடுவது பழைய முறை. அது பச்சோந்தியின் இயல்புக்கு ஒத்ததே. எனினும் அதில் சில இடர்கள் உண்டு. சுவர்க்கோழிகள் மண்ணிலும் இலைகளுக்கு அடியிலும் ஒளிந்துகொள்கின்றன. இரவில் அவை வெளிப்பட்டு, உறங்கும் பச்சோந்தியின் தோலைக் கடித்துப் புண்படுத்துவதும் உண்டு. அன்றியும், பச்சோந்தி எத்தனை பூச்சிகளை உண்டது என்பதை வளர்ப்போர் அறிய இயலுவதில்லை.

மற்றொரு நன்மை உடல்நலம் பற்றியது. வளர்க்கப்படும் சுவர்க்கோழிகளின் உடலில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இவற்றையே உண்டு, புற ஊதாக் கதிரும் வைட்டமின் டி3-உம் போதாமல் வளரும் பச்சோந்தியின் எலும்புகள் மென்மையாகி வளைந்துவிடும். தாடை தளரும், நாவை எய்யும் ஆற்றலும் குன்றும். இதனைத் தவிர்க்கப் பூச்சிகளின்மேல் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிக் கொடுப்பர். கூண்டில் திரியும் பூச்சி அத்தூளைச் சிறிது நேரத்தில் உதிர்த்துவிடுகிறது. கிண்ணத்திலுள்ள பூச்சியோ விரைவில் உண்ணப்படுவதால், தூள் பச்சோந்தியின் வயிற்றைச் சென்றடைகிறது.

பழக்கத் தொடங்குமுன்

நோயுற்ற பச்சோந்திக்கும், புதிதாகக் கொண்டுவரப்பட்ட பச்சோந்திக்கும் புதிய முறையைப் பழக்கக்கூடாது. பழைய முறையில் ஒழுங்காக உண்டு, எடை குன்றாமல் இருக்கும் பிராணிக்கே பழக்கத் தொடங்கலாம். வாரந்தோறும் ஒருமுறை சிறு தராசில் எடை பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவருதல் இன்றியமையாதது. கண்ணால் பார்த்து மெலிவை அறிவதற்குள் காலம் கடந்துவிடும்.

உஷ்ணநிலையும் கருதத்தக்கது. பச்சோந்தி குளிர்ந்த இரத்தப் பிராணி. அமெரிக்காவில் ஆண்டர்சன், டெபன் ஆகிய இருவர் முக்காட்டுப் பச்சோந்திகளைக் கொண்டு செய்து 2010-இல் வெளியிட்ட சோதனை இங்கே பயன்படும். உஷ்ணநிலை 10 டிகிரி செல்ஸியஸ் குறையும்போது நாவை எய்யும் திறன் 10 முதல் 19 சதவீதமே குறைகிறது; நாவை உள்ளிழுக்கும் திறனோ 42 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. எய்வதற்கு வில்போன்ற உறைகளில் சேமித்த ஆற்றல் உதவுகிறது; உள்ளிழுப்பதற்குத் தசையின் சுருக்கமே துணை என்பது காரணம். ஆகவே, குளிர்ந்த காலையில் பச்சோந்தி நாவை நன்றாக எய்தது என்பதால் அதன் உடல் போதிய அளவு சூடேறிவிட்டது என்று கொள்ளக்கூடாது. உண்ட உணவு செரிப்பதற்கும் வெப்பம் வேண்டும். பிராணி ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலிலோ விளக்கின் அடியிலோ காய்ந்து, உடலின் நிறம் வெளுத்தபின் உணவு வைப்பதே தக்கது. கிளையில் வெயில் காயும் இடம் ஏறத்தாழ 30 டிகிரி இருத்தல் நலம்.

நீரும் இவ்வாறே. கலத்தில் அசையாமல் நிற்கும் நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென அறிவதில்லை; இலையில் உருளும் துளியையே நக்கிக் குடிக்கும். கண் குழிந்து காணப்படும் பிராணிக்கு முதலில் நீர்த்துளிகள் கிடைக்கச் செய்து, அது தேறியபின்னரே உணவைப் பற்றி எண்ண வேண்டும்.

கிண்ணத்தின் அமைப்பு

கிண்ணம் அகன்ற வாயும், பூச்சி ஏறித் தப்ப இயலாத வழவழப்பான சுவரும் உடையதாய், ஏறத்தாழ 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழமுள்ளதாய் இருக்கலாம். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் கலம் ஏற்றதன்று. பச்சோந்தி பக்கச் சுவரின் வழியே பூச்சியைக் கண்டு எய்தால், நாவு சுவரில் மோதும். இரண்டு மூன்று முறை இவ்வாறு ஏமாந்தால் அது கிண்ணத்தையே புறக்கணித்துவிடக்கூடும். கிண்ணத்தின் உட்புறம் வெளிர் நிறமாயிருந்தால் பூச்சியின் உருவம் தெளிவாகக் கண்ணில் படும்.

கிண்ணத்தின் பின்புறச் சுவரில் மட்டும், உள்ளே ஒரு துண்டு பிளாஸ்டிக் வலையைப் பொருத்துவது நல்ல உபாயம். பூச்சிகள் அதனைப் பற்றி மேலேறி விளிம்பருகில் அசையும். அடியில் ஒடுங்கிக் கிடக்கமாட்டா. வலை விளிம்புக்குச் சற்றுக் கீழே முடிவடைய வேண்டும். இல்லையேல் பூச்சிகள் வெளியேறிவிடும்.

கிண்ணத்தைத் தரையில் வைத்தலாகாது. பச்சோந்தி மரத்தில் வாழும் பிராணி. தரைக்கு இறங்குவதை அது விரும்புவதில்லை. அது வழக்கமாக அமரும் கிளைக்கு எதிரே, அதன் கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக, உடலின் நீளத்தில் பாதி முதல் ஒரு மடங்கு வரையுள்ள தொலைவில் கிண்ணத்தை உறுதியாகக் கட்டிவைக்க வேண்டும். கிண்ணம் ஆடினால் பிராணி அஞ்சும். ஒருமுறை இடம் குறித்தபின் அதனை மாற்றக்கூடாது.

பழக்கும் முறை

முதற்படியாக, வெறுங்கிண்ணத்தை நான்கைந்து நாள் கூண்டிலேயே விட்டுவைக்க வேண்டும். புதிய பொருளைக் கண்டு பச்சோந்தி நிறம் கறுத்தாலும், உடலைத் தட்டையாக்கி விரித்தாலும், கிளைக்குப் பின்னே ஒதுங்கினாலும், அந்நாட்களில் அவ்வச்சம் தணியும். இக்காலத்தில் பழைய முறையிலேயே உணவு அளித்துவர வேண்டும்.

இரண்டாம் படியில், பூச்சிகளைக் கிண்ணத்தின் அருகிலுள்ள கிளையில் ஒவ்வொன்றாக விடவேண்டும். பச்சோந்தி அத்திசையை நோக்கி வேட்டையாடத் தொடங்கும். மூன்றாம் படியில், கிண்ணத்தின் விளிம்பிலும் வலைத்துண்டிலும் பூச்சி விடப்படும். நான்காம் படியில், கிண்ணத்தினுள் இரண்டு மூன்று பூச்சிகள் இடப்படும். ஒரு படி தடையின்றி இரண்டு மூன்று நாள் நடந்தபின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். சில பிராணிகள் ஒரு வாரத்தில் பழகிவிடும். சிலவற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும்.

முதன்முதலில் இடும் இரை கண்ணைக் கவரும் வண்ணம் அசைவதாய் இருத்தல் வேண்டும். வழக்கமாகச் சுவர்க்கோழி உண்ணும் பிராணிக்கு, அது அரிதாகக் காணும் பட்டுப்புழுவையோ பச்சை வெட்டுக்கிளியையோ இட்டால் விரைவில் நோக்கும். பூச்சியின் பருமன் பச்சோந்தியின் தலையின் அகலத்தை விஞ்சக்கூடாது. பூச்சியை இட்டபின் வளர்ப்பவர் கூண்டைவிட்டு அகன்று நிற்க வேண்டும். அருகே மனிதன் நிற்கும்வரை அதன் ஒரு கண் அவன்மீதே இருக்கும். இரையின்மீது இரு கண்களும் குவியமாட்டா.

சிறு பசி துணைசெய்யும் என்பது உண்மையே. நல்ல உடல்நிலையிலுள்ள வளர்ந்த பச்சோந்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உணவு அளிப்பது வழக்கம். பழக்கும் காலத்தில் ஒரு வேளை தாமதிப்பதால் தீங்கு நேராது. ஆனால் குஞ்சுகளுக்கு இம்முறை ஆகாது. அவை நாள்தோறும் உண்ண வேண்டியவை. வளர்ந்தவற்றிலும், மூன்று நான்கு நாள் ஒன்றும் உண்ணாவிடில், பழைய முறைக்குத் திரும்பி, முந்தைய படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். ‘பசித்தால் தானே உண்ணும்’ என்ற கருத்து நாய்க்குப் பொருந்தலாம். கிண்ணத்திலிருப்பது இரை என்பதையே இன்னும் அறியாத பிராணிக்குப் பொருந்தாது.

மாலையில், உண்ணாமல் எஞ்சிய பூச்சிகளை அகற்றிவிட வேண்டும்.

கையினால் ஊட்டுதல்

சிலர் கையினாலோ இடுக்கியினாலோ பூச்சியைக் காட்டி ஊட்ட விரும்புவர். மருந்து அளிக்க நேரும்போது இப்பழக்கம் உதவும். கையை மேலிருந்து நீட்டக்கூடாது. பச்சோந்தியின் பகைவர்களுள் பறவைகள் முக்கியமானவை. மேலிருந்து வரும் உருவத்தை அது பகையென்றே கொள்ளும். பக்கவாட்டிலோ கீழிருந்தோ மெல்ல நீட்டி, அசையாமல் காத்திருக்க வேண்டும். வாயைத் திறந்து சீறினாலும், நிறம் கறுத்தாலும் உடனே விலகிவிட வேண்டும்.

உலோக இடுக்கியைத் தவிர்த்தல் நலம். நாவின் நுனி இடுக்கியில் ஒட்டிக்கொண்டால், அஞ்சிப் பின்வாங்கும் பிராணியின் நாவுக்குக் காயம் நேரலாம். பூச்சியின் ஓரத்தை மட்டும் பற்றி, நாவு தொட்டதும் விட்டுவிட வேண்டும். நாவைக் காயப்படுத்திய பச்சோந்தி பின்னர் இரை பிடிப்பதே அரிது. ஆயுள் முழுவதும் கையை ஏற்காத பச்சோந்திகளும் உண்டு. கிண்ணத்தில் உண்ணுமாயின் அவற்றுக்கு அதுவே போதும்.

உண்ண மறுத்தால்

பழகிய பிராணி திடீரென உண்ண மறுத்தால், முதலில் கிண்ணத்தைக் குறைகூறாமல் பிற காரணங்களை ஆராய வேண்டும். தோல் உரிக்கும் நாட்களில் உணவு குறையும். முட்டையிடும் நிலையிலுள்ள பெண் உணவை வெறுத்துக் கூண்டின் தரையில் அலையும். முக்காட்டுப் பச்சோந்தியில் ஆணுடன் சேராத பெண்ணும் முட்டையிடுமாதலால், தோண்டுவதற்கு ஈரமண் வைத்தல் வேண்டும். இடம் கிடைக்காமல் முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கு ஆபத்து. ஒரே வகைப் பூச்சியை மாதக்கணக்கில் கொடுப்பதும், விளக்கு பழுதாகி வெப்பம் குறைவதும், எதிரே மற்றொரு பச்சோந்தி கண்ணில் படுவதும் காரணமாகலாம்.

எய்த நாவு இரையை எட்டாமல் விழுந்தாலும், கண் மூடியே இருந்தாலும், எடை வாரந்தோறும் குறைந்தாலும் அது நோயின் அறிகுறி. அப்போது கால்நடை மருத்துவரை நாடவேண்டும். வாயை வலிந்து திறந்து உணவைத் திணித்தல் தாடையை முறிக்கும். மூச்சுக்குழலில் உணவு சென்று உயிரையும் போக்கும். அம்முறை மருத்துவர் கையாளுதற்குரியது.

மீட்கப்பட்ட பச்சோந்திகள்

களப்பணியாளரிடம் சாலையில் அடிபட்டதாகவோ, அஞ்சிய மக்களிடமிருந்து காக்கப்பட்டதாகவோ இந்தியப் பச்சோந்திகள் வந்துசேர்வதுண்டு. இவற்றுக்கு மேற்கூறிய பழக்கத்தை அளிக்கலாகாது. இவை மீண்டும் காட்டில் வேட்டையாட வேண்டியவை. கிண்ணத்தையும் கையையும் நாடப் பழகிய பிராணி விடுதலையானபின் இடர்ப்படும். காயமில்லாதவற்றை வனத்துறையினரின் அனுமதியுடன் கண்டெடுத்த இடத்துக்கு அருகிலேயே விரைவில் விடுதல் வேண்டும். சிகிச்சைக்காக இருத்திவைக்க நேர்ந்தால், இலை அடர்ந்த கிளைகளை வைத்து, நீர்த்துளிகள் தெளித்து, சில பூச்சிகளைக் கிளையில் விட்டு, துணித்திரையிட்டு அகன்றுவிட வேண்டும். மனிதனைக் காணாத தனிமையே அதற்கு முதல் மருந்து.

பச்சோந்திக்கு நஞ்சு உண்டு என்ற எண்ணம் நாட்டின் பல பகுதிகளில் நிலவுகிறது. அது முற்றிலும் பொய்யானது. வேலியோரத்தில் அமர்ந்து ஒரு கண்ணால் முன்னும் மற்றொரு கண்ணால் பின்னும் நோக்கும் இப்பிராணியை, ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தொலைவில் நின்று காட்டலாம். பிடித்துவந்து வகுப்பில் அடைக்க வேண்டுவதில்லை. அசையும் ஒரு பூச்சியின்மேல் அதன் இரு கண்களும் குவிந்து, நாவு பாய்ந்து மீளும் அக்கணத்தைக் காத்திருந்து ஒருமுறை கண்ட மாணவன், இக்கட்டுரையில் கூறப்பட்டவற்றுள் பெரும்பகுதியைத் தானே அறிந்துகொள்வான்.